தொடாமற் கல் பார்த்தல்

முதுமையடைந்த சில விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசில் இருப்பது நீலக்கல்லின் தாதுவா, ஸ்பினலா? 1980களில் கண்ணில் பட்ட ஓர் அடையாளத்திலிருந்து கிளம்பிய இந்தக் கதை வானியலாளர்களிடையே இன்னும் முடியவில்லை. பேருவளையிலோ இரத்தினபுரியிலோ பிறந்த ஒருவருக்கு இக்கேள்வி புதிதாகத் தெரியாது. நமது சீனன்கோட்டையில் இதே கேள்விக்காக மனிசர் மணிக்கணக்கில் இருந்து கதைப்பார்கள், விலை பேசுவார்கள், சில வேளைகளில் கோபித்துக்கொண்டு எழும்பியும் போவார்கள். ஆனால் அங்கே கல்லு கையில் இருக்கும். விண்மீன் விடயத்தில் கல்லும் இல்லை, கையும் எட்டாது. முந்நூறு ஒளியாண்டு தூரத்திலிருந்து வரும் கொஞ்ச வெளிச்சந்தான் இருக்கிறது. அந்த வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'இன்ன கல்' என்று சொல்ல முடியுமா, சொன்னால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இக்கட்டுரையின் விடயம்.

முதலில் கல்லைப் பார்ப்போம். நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் ஒரே தாதுதான். இரண்டும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த குருந்தம். (ஆங்கிலத்திலுள்ள 'கொரண்டம்' என்ற சொல் நமது 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். எங்கள் வீட்டுப் பொருளை நாங்களே வெளிநாட்டுப் பெயரில் வாங்குகிற கதை இது.) சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. இரும்பும் தைத்தானியமும் துளி கலந்தால் நீலம், குரோமியம் கலந்தால் சிவப்பு. ஸ்பினலில் அலுமினியத்தோடு மக்னீசியமும் சேர்ந்திருக்கும். அதிலும் குரோமியம் கலந்தால் சிவப்பு வரும் என்பதால் வெறுங்கண்ணுக்கு ஏமாற்று நடக்கும். இங்கிலாந்து அரச முடியிலுள்ள புகழ்பெற்ற 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினல்தான்.

என் வாப்பா கல் பார்க்கிறவர். "கண் பொய் சொல்லும் மகன், பாரம் பொய் சொல்லாது" என்பார். அவர் சொன்னதைப் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அல்-பிரூனி கணக்காகவே செய்து வைத்திருக்கிறார். கற்களின் பாரத்தையும் அவை விலக்கும் தண்ணீரின் அளவையும் கொண்டு அவர் போட்ட அட்டவணையில், நீல யாகூத்துக்கு 100 என்று வைத்தால் பதக்ஷானின் 'லஃல்' எனப்பட்ட ஸ்பினலுக்கு 90 அளவில் வருகிறது. இன்றைய ஆய்வுகூடம் குருந்தத்தின் சாரடர்த்தி 4.0, ஸ்பினலினது 3.6 என்கிறது. விகிதம் அதேதான். இன்னொரு சோதனையும் உண்டு. குருந்தம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும், ஸ்பினல் பிரிக்காது. ஒரு சோதனை பொய்த்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். ஒற்றைச் சாட்சியை நம்பிக் கல் வாங்குகிறவர் வியாபாரத்தில் நிலைக்கமாட்டார். இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இனி விண்மீன். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் மையத்திலுள்ள ஐதரசனை எரித்து முடித்து, பின்னர் ஈலியத்தையும் எரித்து முடித்தபின் பெருத்துச் சிவந்து போகிறது. சூரியனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அகலம், மேற்பரப்பில் வெறும் 3,000 கெல்வின் அளவு வெப்பம். நமது சூரியனுக்கும் பல நூறு கோடி ஆண்டுக்குப் பின் இதுதான் நிலைமை. இந்த வயதில் விண்மீன் நிலைகொள்ளாமல் நெஞ்சு போல வீங்கிச் சுருங்கத் தொடங்குகிறது. ஒரு துடிப்புக்கு ஓராண்டளவு எடுக்கும்.

இவ்வகையில் முதலில் அறியப்பட்டது சீற்றஸ் கூட்டத்திலுள்ள மீரா. 1596இல் டேவிட் ஃபெப்ரீசியஸ் என்ற ஜேர்மன் பாதிரியார் அதைக் கண்டார், பிறகு காணவில்லை. 1638இல் ஹொல்வார்டா அது திரும்பத் திரும்ப வந்து மறைகிறது என்று நிறுவினார். சுமார் 332 நாளுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எழும்பி, மீண்டும் தொலைகாட்டியில்லாமல் காணமுடியாத அளவுக்கு மங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் ஆயிரம் மடங்கையும் தாண்டும் வேறுபாடு. ஆனால் மொத்தச் சக்தியைக் கணக்கெடுத்தால் இரண்டு மூன்று மடங்குதான் மாறுகிறது. மிச்சமெல்லாம் திரை போடுகிற வேலை. விண்மீன் குளிரும்போது அதன் வளிமண்டலத்தில் தைத்தானியம் ஒட்சைட்டு மூலக்கூறுகள் பெருகி, கண்ணுக்குரிய ஒளியை விழுங்கிவிடுகின்றன. நமது புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கும் இல்மனைற்றிலும் ரூட்டைலிலும் உள்ள அதே தைத்தானியந்தான்.

துடிப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. ஒவ்வொரு வீக்கமும் ஓர் அதிர்ச்சியலையை வெளியே தள்ளும். அது வாயுவை மேலே தூக்கிவிடும். மேலே போன வாயு குளிரும். போதிய அளவு குளிர்ந்ததும் வாயுவிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திண்மமாகின்றன. குளிர்ந்த போத்தலின் வெளிப்பக்கம் தண்ணீர் துளிர்ப்பது போலத்தான், ஆனால் இங்கே துளிர்ப்பது கல்.

எந்தக் கல் துளிர்க்கும் என்பதை ஒரேயொரு கணக்கு தீர்மானிக்கிறது. காபனும் ஒட்சிசனும் சந்தித்தால் காபனோரொட்சைட்டாக இறுகப் பிடித்துக்கொள்ளும், இலேசில் விடாது. ஆகவே இரண்டில் எது குறைவோ அது முழுவதும் இந்தப் பிடியில் அடைபட்டுப் போகும். எது மிஞ்சுகிறதோ அதுதான் தூசைச் செய்யும். காபன் மிஞ்சினால் புகைக்கரியும் சிலிக்கன் காபைட்டும். ஒட்சிசன் மிஞ்சினால் ஒட்சைட்டுகளும் சிலிக்கேற்றுகளும், அதாவது நாம் கால் வைத்து நடக்கும் மண்ணின் உறவினர்கள். நமது கதை ஒட்சிசன் மிஞ்சிய விண்மீன்களைப் பற்றியது.

இந்தத் தூசு சூரியனைப் போல ஒளிராது. சில நூறு கெல்வினிலிருந்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கெல்வின் வரை வெப்பமுள்ள எதுவும் பெரும்பாலும் செங்கீழ்க் கதிரிலேயே ஒளிரும். அந்த ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துப் பார்த்தால், அதில் சில இடங்களில் மேடுகள் தெரியும். மேடு ஏன் வருகிறது? சட்டி வாங்கப் போகிறவர் விரலால் சுண்டிப் பார்ப்பார். மண் சட்டிக்கு ஒரு சத்தம், வெண்கலத்துக்கு ஒரு சத்தம். திண்மத்துக்குள் அணுக்கள் வில்சுருளில் கட்டியது போல ஒன்றையொன்று பிடித்து ஆடிக்கொண்டிருக்கின்றன. சிலிக்கனும் ஒட்சிசனும் இழுபடும் ஆட்டம் 9.7 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் ஒளி விடும். அதே பிணைப்பு வளைந்து ஆடினால் 18 மைக்ரோமீற்றரில். அலுமினியமும் ஒட்சிசனும் என்றால் 11 முதல் 13 வரை. ஒவ்வொரு தாதுவுக்கும் ஒரு சத்தம், நாம் கேட்பது ஒளியில்.

சொல்ல இலேசு. செய்யக் கடினம். இந்த 10 மைக்ரோமீற்றர் பகுதியில்தான் நமது உடம்பும் ஒளிர்கிறது. தொலைகாட்டியின் ஆடியும், கட்டடமும், வானமும் எல்லாம் ஒளிர்கின்றன. எரிகிற அடுப்புக்குள் நின்றுகொண்டு தூரத்து மெழுகுவர்த்தியைத் தேடுவது போன்ற வேலை. இதற்கு மேல், காற்றிலுள்ள நீராவி செங்கீழ்க் கதிரின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நமது நாட்டின் ஈரக் காற்றுக்குக் கீழே இந்த ஆய்வு நடவாததற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. சிலியின் அட்டகாமாப் பாலைவனத்துக்கும் ஹவாயின் எரிமலை உச்சிக்கும் தொலைகாட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது இதற்காகத்தான்.

1969இல் வுல்ஃப், நெய் என்ற இருவர் குளிர்ந்த விண்மீன்களில் 10 மைக்ரோமீற்றர் அளவில் தெரிந்த மேட்டைச் சிலிக்கேற்றுத் தூசு என இனங்கண்டனர். ஆனால் கூட்டமாகப் பார்க்க வழி பிறந்தது 1983 ஜனவரியில். அமெரிக்கா, நெதர்லாந்து, பிரித்தானியா மூன்றும் சேர்ந்து ஏவிய ஐராஸ் செய்மதி, தன்னைத் திரவ ஈலியத்தில் குளிரூட்டிக்கொண்டு வானம் முழுவதையும் வருடியது. ஈலியம் பத்து மாதத்தில் தீர்ந்துபோய்விட்டது. அந்தப் பத்து மாதத்துக்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் நிறமாலைகளைத் தந்துவிட்டுத்தான் போனது. கையில் அள்ளிப் பார்த்தால் தரம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஒரு மூடைக் கல்லைக் கொட்டிப் பிரிக்கிற வசதி முதன்முதலாக அப்போதுதான் வந்தது.

பிரித்துப் பார்த்தபோது ஒரு வரிசை தெரிந்தது. தூசு கொஞ்சமாக உள்ள விண்மீன்களில் 11, 12 மைக்ரோமீற்றரில் ஓர் அகன்ற தட்டையான மேடு. தூசு அதிகமானவற்றில் 9.7இல் எடுப்பான சிலிக்கேற்று மேடு. இடையில் இரண்டும் கலந்தவை. இதற்குக் காரணம் வெப்பநிலை. அலுமினியம் ஒட்சைட்டு ஏறத்தாழ 1,500 கெல்வினிலேயே திண்மமாகிவிடும், சிலிக்கேற்றுக்கு 1,000, 1,200 அளவுக்கு இறங்க வேண்டும். ஆகவே விண்மீனுக்கு மிக அருகில் முதலில் அலுமினா, தள்ளிப் போய்ச் சிலிக்கேற்று. ஆனால் சிலிக்கன் அணு 12 இருந்தால் அலுமினியம் ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கிறது. முந்தி வருவது அலுமினா, மலிவது சிலிக்கேற்று.

இங்கே ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். 11, 12இல் தெரியும் அகன்ற மேடு அலுமினாவினுடையதுதான், ஆனால் நீலக்கல்லினுடையதல்ல. அணுக்கள் ஒழுங்கு வரிசையில்லாமல் அவசரத்தில் ஒட்டிக்கொண்ட, பளிங்குருவற்ற அலுமினா அது. வரிசை குலைந்தால் சத்தமும் கலங்கும், மேடு அகன்றுவிடும். அணுக்கள் அணிவகுத்து நின்றால்தான் பளிங்கு. பளிங்கின் மேடு ஒடுக்கமாக, கூராக இருக்கும்.

ஐராஸின் நிறமாலைகளில் அப்படி ஓர் ஒடுங்கிய மேடு 13 மைக்ரோமீற்றரில் தெரிந்தது. எல்லா விண்மீன்களிலும் இல்லை. மீராவைப் போல ஒழுங்காகத் துடிக்கிறவற்றைவிட, ஒழுங்கு குறைவாகத் துடிக்கும் 'அரைச்சீர்' விண்மீன்களிலேயே அதிகம். ஏதோ ஒரு பளிங்கு இருக்கிறது. எது?

முதலில் சொல்லப்பட்ட பெயர்களில் குருந்தம் முன்னுக்கு நின்றது. 1999இல் வியன்னாவையும் ஜெர்மனியின் யேனாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஸ்பினல் என்றனர். யேனாவில் இருப்பவர்கள் வானத்தைப் பார்க்கிறவர்கள் மட்டுமல்லர். தாதுக்களை ஆய்வுகூடத்தில் உருக்கிச் செய்து, அரைத்து, அவை எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகின்றன என்று அளந்து அட்டவணை போடுகிறவர்கள். அல்-பிரூனி தராசில் செய்த வேலையை அவர்கள் ஒளியில் செய்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. அந்த அட்டவணைப்படி ஸ்பினலின் மேடு 13க்குப் பொருந்தி வந்தது.

ஆனால் ஸ்பினலுக்கு மற்றச் சாட்சிகளும் தேவை. 13இல் ஒளிர்கிற ஸ்பினல் 17இலும் 32 மைக்ரோமீற்றரிலும் ஒளிர்ந்தே ஆகவேண்டும். 1995இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஐசோ செய்மதி தந்த நல்ல தரமான நிறமாலைகளில் அந்த இடங்களைத் தேடினார்கள். தெரிந்தது என்று சிலர் சொன்னார்கள். அது கருவியின் கோளாறும் அருகிலுள்ள காபனீரொட்சைட்டு வாயுவின் கோடுகளும் செய்யும் மயக்கம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 2003 அளவில் பலரின் மனம் திரும்பக் குருந்தத்தின் பக்கம் சாய்ந்தது.

அப்போ நீலக்கல் வென்றதா? இல்லை. குருந்தத்துக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. பளிங்குத் துணிக்கையின் மேடு எங்கே விழும் என்பது அதன் பொருளை மட்டுமல்ல, அதன் வடிவத்தையும் பொறுத்தது. உருண்டைத் துணிக்கைக்கு ஓரிடம், தட்டைக்கு ஓரிடம், ஊசி போல நீண்டதுக்கு இன்னோரிடம். குருந்தத் துணிக்கைகள் பல வடிவத்தில் கலந்திருந்தால் 13இல் ஒடுங்கிய மேடு வராது, பரந்து போகும். மேடு ஒடுங்கித் தெரிவதென்றால் துணிக்கைகள் ஏறத்தாழ ஒரே வடிவத்தில், உருண்டைக்கு நெருக்கமாகவோ ஒரு குறிப்பிட்ட அச்சில் கொஞ்சம் தட்டையாகவோ இருக்க வேண்டும். அங்கே பட்டறை வைத்து யார் ஒரே அச்சில் வெட்டினார்கள் என்று கேட்கத் தோன்றும். பளிங்கு வளரும் விதமே அந்த வடிவத்தைக் கொடுக்கலாம் என்பது ஒரு பதில். என் கணிப்பில் குருந்தத்தின் பக்கம் பாரம் கூட, ஆனால் நான் காசு வைக்கமாட்டேன்.

இதற்கிடையில் வேறொரு பக்கத்திலிருந்து கையில் பிடிக்கக்கூடிய சாட்சியே வந்தது. சூரியனும் பூமியும் உருவாகுமுன் பிறந்த தூசுத் துணிக்கைகள் சில, விண்கற்களுக்குள் அழியாமல் ஒளிந்திருந்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. விண்கல்லை அமிலங்களில் கரைத்துக் கொண்டே போனால், எந்த அமிலத்துக்கும் அசையாதவை அடியில் மிஞ்சும். அந்த மிச்சத்தில் குருந்தத் துணிக்கைகளை 1990களின் முற்பாதியில் கண்டார்கள். ஒரு மைக்ரோமீற்றர் அளவு, தலைமயிரின் தடிப்பில் பல பத்தில் ஒரு பங்கு. அவை நமது ஞாயிற்றுத் தொகுதியைச் சேர்ந்தவையல்ல என்று எப்படித் தெரியும்? ஒட்சிசனின் சமதானிகளால். ஒட்சிசன்-17 அவற்றில் பலவற்றில் இங்குள்ள எதிலும் இல்லாத அளவு கூடுதலாக இருக்கிறது. செம்பெரும் விண்மீன் ஒன்றின் வயிற்றில் நடக்கும் அணுக்கருத் தாக்கங்களிலிருந்துதான் அந்த விகிதம் வரும். பின்னர் அதே முறையில் ஸ்பினல் துணிக்கைகளும் கிடைத்தன.

ஆக, முதிய விண்மீன்கள் குருந்தத்தையும் செய்கின்றன, ஸ்பினலையும் செய்கின்றன. அது கையில் இருக்கிறது. ஆனால் 13 மைக்ரோமீற்றரில் கேட்கும் அந்தச் சத்தம் எதனுடையது என்ற கேள்வியை இது தீர்க்காது. வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததால் உள்ளேயிருந்து இருமியது யார் என்று தெரிந்துவிடாது.

இது எதற்கு இவ்வளவு முக்கியம்? மேடு 13இல் இருந்தால் என்ன, குருந்தமானால் என்ன, ஸ்பினலானால் என்ன என்று என் மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த விண்மீன்கள் தமது உடம்பின் பெரும்பகுதியைக் காற்றாக வெளியே விட்டுவிட்டுத்தான் சாகின்றன. அந்தக் காற்றில்தான் அடுத்த தலைமுறை விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் வேண்டிய மண் போகிறது. அந்தக் காற்றைத் தள்ளுவது தூசு. விண்மீனின் ஒளி தூசில் பட்டுத் தள்ள, தூசு வாயுவை இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் ஒட்சிசன் விண்மீன்களில் ஒரு முடிச்சு இருந்தது. இரும்பு கலந்த இருண்ட துணிக்கை ஒளியை நன்றாக விழுங்கும், அதனால் சூடாகி விண்மீனுக்குப் பக்கத்தில் ஆவியாகிப் போய்விடும். இரும்பில்லாத தெளிவான துணிக்கை ஆவியாகாமல் தப்பும், ஆனால் ஒளி ஊடுருவிப் போய்விடுவதால் தள்ளப்படாது. அப்படியென்றால் காற்று எப்படிக் கிளம்புகிறது?

2012இல் இதற்கு ஒரு பதில் கண்ணுக்குத் தெரிந்தது. சிலியிலுள்ள பெருந்தொலைகாட்டி ஒன்றினால் டபிள்யூ ஹைட்ரே, ஆர் டொராடஸ், ஆர் லியோனிஸ் என்ற மூன்று விண்மீன்களைப் பார்த்தவர்கள், விண்மீனின் ஆரையைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள்ளேயே 0.3 மைக்ரோமீற்றர் ஆரையுள்ள துணிக்கைகளின் ஒரு வளையத்தைக் கண்டார்கள். தெளிவானவை, ஆனால் ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரியவை. ஒளியை விழுங்காமல், தெறிக்கவிட்டே உதைபட்டுக் கிளம்ப அந்தப் பருமன் போதும். கல் பார்க்கிறவர்கள் தேடுகிற அதே குணம், அழுக்கில்லாத தெளிவு, விண்மீனுக்குப் பக்கத்தில் உயிர் பிழைக்கிற குணமாகவும் இருக்கிறது.

அம்மூன்றில் டபிள்யூ ஹைட்ரேயின் நிறமாலையில் 13 மைக்ரோமீற்றர் மேடும் உண்டு. அட்டகாமாவின் அல்மா வானொலித் தொலைகாட்டித் தொகுதி இந்த விண்மீனைப் பார்த்ததன் 2017இல் வெளியான முடிவுகளில், அலுமினியம் ஒட்சைட்டு வாயு விண்மீன் ஆரையின் மூன்று மடங்குக்குள் அடங்கி, தூசு இருக்கும் அதே இடத்தில் முடிந்துபோவது தெரிந்தது. சிலிக்கன் ஒட்சைட்டு வாயுவோ அதைத் தாண்டி வெகுதூரம் பரந்திருக்கிறது, அதன் பெரும்பகுதி திண்மமாகாமலே வெளியேறுகிறது. அலுமினியம் முந்திக் கல்லாகிறது, சிலிக்கன் பின்தங்குகிறது என்ற பழைய கணக்குக்கு இது மேலுமொரு சாட்சி. முதலில் தோன்றும் அலுமினாவின் மேல் சிலிக்கேற்று மெல்லிய தோலாகப் படர்ந்து துணிக்கையைப் பருக்க வைக்கலாம் என்ற கருத்தும் இருக்கிறது.

இவற்றை வாசித்துவிட்டு 'விண்ணில் நீலக்கல் சுரங்கம்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் வருவார்கள். அங்கே நீல நிறத்துக்கு ஆதாரம் இல்லை, மோதிரத்தில் பதிக்கிற அளவும் இல்லை.

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி 5 முதல் 28 மைக்ரோமீற்றர் வரை மிக நுட்பமாகப் பார்க்கக்கூடியது. ஆனால் அருகிலுள்ள இந்த விண்மீன்கள் அதற்கு அளவுக்கு மீறிப் பிரகாசமானவை, பார்த்தால் கருவி நிறைந்து வழிந்துவிடும். ஆகவே 13 மைக்ரோமீற்றர் வழக்கைத் தீர்க்க ஆய்வுகூடத் தராசும், தரையிலுள்ள தொலைகாட்டிகளும், பழைய செய்மதிகளின் பதிவுகளும் இன்னும் தேவைப்படுகின்றன. விண்மீன் துடிப்பின் எந்தக் கட்டத்தில் அந்த நிறமாலை எடுக்கப்பட்டது என்று அறிய, சாதாரண மனிசர் தொலைநோக்கியால் பார்த்து எழுதி வைத்த பிரகாசக் கணக்குகளும் வேண்டும். 1911 முதல் அமெரிக்காவிலுள்ள ஒரு சங்கம் உலகம் முழுவதிலிருந்தும் அத்தகைய கணக்குகளைச் சேர்த்து வருகிறது. யாரும் அனுப்பலாம், பட்டம் கேட்கமாட்டார்கள்.

டபிள்யூ ஹைட்ரே நமது நாட்டிலிருந்து நன்றாகத் தெரியும். மே மாத நடுவில் இரவு 10 மணியளவில் தெற்கே பார்த்தால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதியைவிடச் சற்று மேலே நிற்கும். சென்டோரஸ் கூட்டத்தின் மென்கென்ட் விண்மீனிலிருந்து வடக்கே எட்டுப் பாகையளவு போய்க் கொஞ்சம் மேற்கே திரும்ப வேண்டும். வெறுங்கண்ணுக்கு எட்டாது, சாதாரணத் தொலைநோக்கி போதும். பக்கத்திலுள்ள மாறாத விண்மீன்கள் இரண்டை வைத்து, எதைவிட மங்கல், எதைவிடப் பிரகாசம் என்று குறித்துக்கொண்டு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டியதுதான்.